மூச்சு மறந்த கணக்கு

அன்புள்ள சார்,

எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். குழந்தைகள் பிரிவில் மூன்று வாரப் போஸ்டிங். அதில் பத்து நாள் என்.ஐ.சி.யூ. என்கிற பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் காதில் மானிட்டர் சத்தம் கேட்கிறது.

அந்தப் பத்து நாளும் நான் உருப்படியாக ஒன்றுமே செய்யவில்லை. ஒரே ஒருமுறை ஊசி போட விட்டார்கள். கை நடுங்கியது, சிஸ்டர் வாங்கிக்கொண்டார். மற்றபடி கை கழுவுவது, சார்ட் எழுதுவது, சாம்பிளை லேபுக்கு அனுப்புவது, குழந்தையைச் சூடாக வைத்திருக்கிற வார்மர் பக்கத்தில் நிற்பது. பி.ஜி. படிக்கிற அக்கா ஒருவர், "நீ பாத்துக்கிட்டு மட்டும் நில்லு, போதும்" என்றார். திட்டினாரா, சொல்லிக்கொடுத்தாரா என்று இன்றுவரை புரியவில்லை.

நான் நின்ற வார்மரில் ஒரு பெண் குழந்தை. 28 வாரம், 960 கிராம். தாய்க்கு பிரஷர் ஏறியதால் சிசேரியன் செய்து எடுத்தது. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டேகால் மணிக்குத் துணி மாற்றும்போது என் கிளவுஸ் விரலைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டது.

பெரிய டாக்டர் வெளியே வந்து சொல்லும்போது நானும் கூட நின்றேன். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆச்சி மட்டும் அழவில்லை. டாக்டர் உள்ளே போனதும் என் கையைப் பிடித்து, "ஏழு மாசப் பிள்ள பொழச்சிரும்னுதான தாயி சொல்லுவாவ" என்றாள். அப்புறம், "ஒருக்கயாவது கண்ண முழிச்சிப் பாத்தாளா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை சார். நான் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

நான் இந்தத் தொழிலுக்கு லாயக்குத்தானா? ஆச்சிக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டாக்டரம்மா,

ஊரையும் வேறு சில அடையாளங்களையும் மாற்றித்தான் உங்கள் கடிதத்தைப் போடுகிறேன். அந்தக் குடும்பத்துக்காரர்கள் யாராவது படித்து நெஞ்சடைத்து நிற்கக் கூடாது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் உள்ளே நின்ற கதவுக்கு வெளியே 41 நாள் உட்கார்ந்திருந்தவன். 2012இல் என் மகன் முப்பதாவது வாரத்தில் பிறந்தான். 1,180 கிராம். ஆஸ்பத்திரி பெயர் எதற்கு, நம் ஜில்லாவில்தான். அவன் அம்மா மேல்மாடியில் பிரஷரோடு படுத்திருந்தாள். இவன் கீழே. நடுவில் மாடிப்படி ஏறி இறங்க நான். அத்தை கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து வராந்தாவில் பாயை விரித்துவிட்டாள். விசாரிக்க வருகிறவர்களிடம் எல்லாம் "பிள்ளையைப் பெட்டியில வச்சிருக்காவ" என்பாள். உள்ளே இருந்தது பெட்டி இல்லை, மேலே ஹீட்டர் வைத்த திறந்த வார்மர்தான். அதை நான் திருத்தவில்லை.

முதல் வாரம் எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நியாயமாகச் சொன்னால், சொன்னார்கள். பெரியவர் ஒருவர் காலையில் நடந்துகொண்டே "எதுவும் சொல்ல முடியாது" என்றுவிட்டுப் போவார். அது பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பகலைத் தள்ள முடியாது.

அங்கே உங்களை மாதிரி ஒரு ஹவுஸ் சர்ஜன் இருந்தான். ஈரோட்டுப் பக்கத்துப் பையன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ராத்திரி தண்ணீர் பிடிக்க வெளியே வந்தவனை மறித்து, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழச்சிருவானா தம்பி?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இருபத்து மூன்று வயதுப் பையனிடம் கேட்கிற கேள்வியா அது? அவன் கையை உதறவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குழந்தை நேத்து ராத்திரி மூச்சு விட மறந்தது ஒம்பது தடவைங்க. இன்னைக்கு இதுவரைக்கும் நாலு" என்றான்.

அவ்வளவுதான். பிழைப்பான் என்றும் சொல்லவில்லை, மாட்டான் என்றும் சொல்லவில்லை. நான் வராந்தாவுக்குத் திரும்பி வந்து அத்தையிடம் "நேத்து ஒம்பது, இன்னைக்கு நாலு" என்றேன். அவள் பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மணி நேரம் தூங்கினேன்.

குறைமாதக் குழந்தையின் மூளைக்கு மூச்சை விடாமல் நடத்துகிற பக்குவம் வந்திருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இருபது விநாடிக்கு மேல் நின்றுபோனால் உள்ளங்காலைத் தட்டி எழுப்புவார்கள். எனக்கு அது அந்தப் பையன் சொல்லித்தான் தெரியும். மருந்து என்ன தம்பி என்றதற்கு, "காஃபீன்ங்க, காபியில இருக்கிறதேதான்" என்றான். அத்தை, "பொறந்த பிள்ளைக்குக் காப்பியா? நல்லாருக்கே கதை!" என்று சிரித்துவிட்டாள். அந்த வராந்தாவில் நாங்கள் சிரித்தது அந்த ஒருதடவைதான் என்று நினைக்கிறேன்.

நான் யோசித்தது அப்புறம்தான். ஒன்பது என்றும் நாலு என்றும் சொல்ல வேண்டுமானால் யாரோ ஒருவன் அங்கே நின்று எண்ணியிருக்க வேண்டும். ஊசி போடாமல், ஒன்றும் 'செய்யாமல்', சும்மா நின்று. உங்கள் பி.ஜி. அக்கா சொன்னது திட்டா பாடமா என்று கேட்டீர்களே, எனக்கு அது பாடமாகத்தான் படுகிறது.

அந்த அறையில் கை அதிகமாக வேலை செய்ததால் வந்த வினைகள் நிறைய. நீங்கள் பாடத்தில் படித்த ஆக்சிஜன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940களில் மேல்நாடுகளில் நல்ல நல்ல இன்குபேட்டர்கள் வந்தன. மூச்சுத் திணறுகிற பிள்ளைக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பிழைத்தன, ஆனால் கண் போய்விட்டது. உலகம் முழுக்க சுமார் பத்தாயிரம் குழந்தைகள் என்பார்கள். 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். குற்றவாளி ஆக்சிஜன்தான் என்று 1950களின் நடுவில்தான் அமெரிக்காவில் சோதனை வைத்து உறுதி செய்தார்கள். சரி என்று ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். இப்போது மூச்சு முட்டிச் சாகிற பிள்ளைகள் கூடிப்போயின. அதனால்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற உங்கள் மானிட்டரில் கீழ் எல்லைக்கு ஓர் அலாரம் இருப்பதுபோல மேல் எல்லைக்கும் ஒன்று. தொண்ணூறுக்கும் தொண்ணூற்று ஐந்துக்கும் நடுவில் நிறுத்து என்கிறார்கள். கீழே இறங்கினால் எல்லோரும் ஓடி வருவார்கள். 98, 99 என்று ஏறி நிற்கும்போது கவனித்துக் குறைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் சும்மா நிற்கிற ஆள்தான்.

ஊசி விஷயத்துக்கு ரொம்ப வருத்தப்பட வேண்டாம். 960 கிராம் பிள்ளையின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே எண்பது, எண்பத்தைந்து மில்லிதான். நம் ஜங்ஷன் டீக்கடை கிளாஸில் ஊற்றினால் நிறையாது. அதில் ஒரு மில்லி எடுப்பது, பெரிய ஆளிடம் ஐம்பது, அறுபது மில்லி எடுக்கிற கணக்கு. அந்தக் கையைக் குத்தப் போகும்போது நடுங்காத கையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சிஸ்டர் ஊசியை வாங்கிக்கொண்டாரே, அவர் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? அங்கே படிக்க வேண்டியது பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.

அந்த ஈரோட்டுப் பையன் பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கதவைத் திறந்துகொண்டு வந்து எடை சொல்ல ஆரம்பித்தான். எனக்கு மட்டும் இல்லை, வராந்தாவில் இருந்த எல்லோருக்கும். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தான். "முதல் வாரம் எடை குறையுங்க, பத்துலேர்ந்து பதினஞ்சு சதவீதம் வரைக்கும்கூட இறங்கும், பயந்துக்காதீங்க" என்று சொல்லிவைத்தான். 1,180 மளமளவென்று 1,040க்கு வந்தபோது பக்கத்துப் பாய்க்காரர்கள் பதறினார்கள், நான் பதறவில்லை. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி வைத்தேன். பிறந்த எடையைத் திரும்பத் தொட இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது 1,770. அந்தத் தாள்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. பையன் இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். அதைக் காட்டினால், "நான் என்ன தக்காளியாப்பா, கிராம் கணக்குல எழுதி வச்சிருக்க?" என்கிறான்.

பாலாடை கதையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றுசேர்ந்து வர 34 வாரம் ஆகுமாம். அதுவரை டியூபில் பால். அதற்கும் தாய்ப்பாலுக்கும் நடுவில் பாலாடை. நம் வீடுகளில் சங்கு என்றும் சொல்வோம். அத்தை எங்கிருந்தோ ஒரு வெள்ளிப் பாலாடையைக் கொண்டுவந்து நீட்டினாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, எங்களிடம் எவர்சில்வரில் இருக்கிறது, கொதிக்க வைத்துத்தான் கொடுப்போம் என்று திருப்பிக் கொடுத்தார். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். அந்தப் பையன் அவளிடம், வடநாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இங்கிலீஷ் புத்தகங்களிலும் அதற்குப் 'பாலாடை' என்றுதான் பெயர், நம் சொல்லைத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள் என்றான். அன்று முழுக்க அவள் வராந்தாவில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி ஆச்சி. "ஏழு மாசப் பிள்ளை பொழைக்கும், எட்டு மாசம்தான் ஆகாது" என்பது நம் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிற பேச்சு. அது தப்பு. வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். 32 வாரத்துப் பிள்ளைக்கு 28 வாரத்துப் பிள்ளையைவிட நுரையீரல் பலம் கூடுதல். ஆனால் கவனித்துப் பாருங்கள், நீங்கள் உள்ளே வாரத்தில் எண்ணிக்கொண்டிருந்தீர்கள், ஆச்சி வெளியே மாதத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு 28 என்றால் ஆபத்து. அவளுக்கு அது ஏழாம் மாசம், அதாவது நல்ல சேதி. அந்த ஐந்து நாளும் அவள் பயப்படவே இல்லை. டாக்டர்கள் 'சீரியஸ்' என்று சொல்லச் சொல்ல, இவள் மனதுக்குள் 'ஏழு மாசம்தான, அதெல்லாம் வந்துரும்' என்றிருப்பாள். அந்த வார்டில் அதைக் கண்டுபிடித்திருக்கக் கூடிய ஒரே ஆள், அவள் பேச்சுப் பேசுகிற ஆள், நீங்கள்தான். குற்றம் சொல்லவில்லை. இனிமேல் எந்த வராந்தாவில் நின்றாலும், முதலில் அவர்கள் என்ன கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்கலாமா? அந்தத் தாய் பிள்ளையைத் தொட்டாளா? கடிதத்தில் தாயைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லை. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டிவிட்டதில் தொடங்கியதுதான் கங்காரு முறை. பிள்ளை தேறிய பிறகுதான் அது என்றிருந்த வழக்கம் மாறி, பிறந்த உடனேயே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லிவிட்டது. அதற்கு ஆதாரமாக இருந்த ஆய்வில் நம் டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றும் உண்டு. உங்கள் பிள்ளை அதற்குத் தாங்கும் நிலையில் இருந்ததா, நான் சொல்ல முடியாது. அந்தத் தாயை ஒரு வீல் சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, கை கழுவவைத்து, ஒரு விரலை உள்ளே நீட்டச் செய்ய ஹவுஸ் சர்ஜனால் முடியும். என் வீட்டுக்காரியை அப்படித்தான் அந்தப் பையன் கூட்டி வந்தான். யாரிடம் அனுமதி வாங்கினானோ.

லாயக்கா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பத்து நாள் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை அது. நீங்கள் உள்ளே ஓடி வந்தது தப்புதான், ஆனால் திருத்தக்கூடிய தப்பு.

பிள்ளை கண் முழித்துப் பார்த்தாளா என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் ஆமாம் ஆச்சி என்று சொல்லக் கூடாது. சொல்லியிருந்தால் அவள் கண்டுபிடித்திருக்க மாட்டாள், நீங்கள்தான் ரொம்ப நாள் தூக்கிச் சுமந்திருப்பீர்கள். தெரிந்ததைச் சொல்லலாம். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது, எடைக்கும் சாவுக்கும் நடுவில் ஒரே வரியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பிரஷர் இருந்த தாய் என்பதால் ஆறு வாரத்தில் திரும்ப வரச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர் ஆச்சிமார் மகளைத் தனியாக அனுப்ப மாட்டார்கள், கூட வருவாள். ஓ.பி. சீட்டு வாங்குகிற இடத்தில் நின்று பாருங்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண் முழித்ததை நான் பார்க்கவில்லை ஆச்சி, மூன்றாம் நாள் ராத்திரி என் விரலைப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்லுங்கள். இரண்டேகால் மணி என்பதையும் சொல்லுங்கள்.