சிங்கப்பூரில் பூங்காக்கள் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன, ஆனால் சமமாக இல்லை. நீங்கள் குடும்பத்தோடு புளோக்கில், அதாவது அடுக்குமாடி வீட்டில், குடியிருப்பவர் என்று நினைக்கிறேன். 2030-க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 10 நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்பது அரசின் பசுமைத் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த எங்களுக்கு இங்கே ஏது வீடு, டார்ம் என்கிற தொழிலாளர் விடுதிதானே.

நான் புல் வெட்டி, கிளை கழித்துச் சம்பாதிக்கிறவன். நீங்கள் நிழலுக்கு ஒதுங்குகிற அந்தத் தூங்குமூஞ்சி மரங்களில் மெஷின் கூடையில் ஏறி, பட்டுப்போன கிளையை அறுத்துக் கயிறு கட்டி இறக்குவோம். கவட்டில் வளர்ந்திருக்கிற பெரணிக்குள் எறும்பு இருந்தால் அன்றைக்குச் செத்தோம், கழுத்துக்குள் இறங்கிவிடும்.

டார்ம் கிராஞ்சிப் பக்கம். சுங்கை பூலோ சதுப்பு நிலம் ரொம்பத் தூரமில்லை. சைபீரியாவிலிருந்தெல்லாம் பறவை வருகிற இடம், டிக்கெட் கிடையாது. ஆனால் சாயங்காலம் 7 மணிக்கு மூடிவிடுவார்கள். பறவைக்காக மூடுவது நியாயம்தான், குறை சொல்லவில்லை. எங்கள் லாரி டார்முக்குத் திரும்பும்போது அதற்கும் மேலே ஆகியிருக்கும், அவ்வளவுதான். மிச்சம் இருப்பது ஞாயிறு. துணி துவைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்காவில் சாமான் வாங்கியது போக மிஞ்சுகிற நேரம். கொரோனாவுக்கு அப்புறம் அந்த ஞாயிறுக்கும் பூட்டு: 2022 ஜூனில் மற்ற கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகும், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போக டார்ம்காரர்கள் தனி பாஸ் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு, நாங்களே அந்த வாரம் புல் வெட்டிய ஒரு பேட்டைப் பூங்காவில் நண்பர்களோடு உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரித்தோம். ஒருவர் தள்ளி நின்று போனில் படம் எடுத்தார். பூவை எடுக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் சூப்பர்வைசர் அதே படத்தைக் காட்டுகிறார். வேலை நேரத்தில் ஆட்கள் படுத்துக்கிடக்கிறார்கள் என்று புகாராம். நான் கம்பெனி டி-சட்டை போட்டிருந்ததுதான் வினை. "அண்ணே, நேற்று ஞாயிறு" என்றேன். "தெரியும்டா தம்பி, இனிமே லீவு நாளில் அந்தச் சட்டையைப் போடாதே" என்றார். புகார் கொடுத்தவருக்கு என்ன பதில் போனதோ தெரியாது.

உடனே சண்டைக்கு வராதீர்கள். எல்லாரும் அப்படி இல்லை, வெயிலில் வேலை செய்வதைப் பார்த்துக் கூல்டிரிங்ஸ் வாங்கி வந்து கொடுத்த சீனத் தாத்தாவும் இங்கேதான் இருக்கிறார். "உன் ஊரில் பார்க் இருந்ததா" என்று கேட்பவர்களுக்கு: இல்லை, கண்மாய்க்கரை இருந்தது, அங்கே உட்கார்ந்தால் யாரும் போட்டோ பிடிப்பதில்லை.

இவ்வளவு எழுதியாச்சு, இதையும் சொல்லிவிடுகிறேன். விடியுமுன்னே வருகிற கேட்டரிங் சாப்பாடு மதியம் அதே மர நிழலில் பிரிக்கும்போது சாம்பார் நுரைத்திருக்கும். மாதாமாதம் காசு மட்டும் சரியாகப் பிடிக்கிறார்கள். இதைப் படம் எடுத்து அனுப்ப ஆள் இல்லை.

என்னை மாதிரி ஆட்கள் யாராவது படித்தால், பொட்டானிக் கார்டனுக்குப் போங்கள். காலை 5 முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட், எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. சொந்தச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.