தாயின் இரத்தத்தில் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி தெரியுமா?

சகோதரி, 32 வாரத்தில் இரத்த அழுத்தம் ஏறி, முன்கூட்டியே பிரசவம் நேரலாம் என்று மருத்துவர் சொன்னதும், வயிற்றில் ஊசி குத்தாமல் உங்கள் இரத்தத்தை வைத்தே குழந்தையின் நுரையீரலை அறிய முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

அப்படி நம்பி முடிவெடுக்கக்கூடிய இரத்தப் பரிசோதனை இன்று நடைமுறையில் இல்லை. காரணம் எளிது. நுரையீரல் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் பொருளைக் குழந்தையின் நுரையீரல் பனிக்குட நீரில்தான் கலக்கிறது. அதனால்தான் வயிற்றில் ஊசி குத்தி அந்த நீரை எடுத்து, அதிலுள்ள லெசித்தின், ஸ்பிங்கோமைலின் என்ற இரு கொழுப்புகளின் விகிதத்தைப் பார்த்தார்கள். 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதிர்ச்சி என்று கொண்டார்கள். தாயின் இரத்தத்தில் குறியீடுகளைத் தேடும் முயற்சிகள் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

உண்மையில், உங்கள் நிலையில் அந்த ஊசியே பெரும்பாலும் தேவைப்படாது. 34 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால், சோதித்துக் காத்திராமல் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு மருந்து ஊசி போடுவதே வழக்கம். பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. 1972இல் நியூசிலாந்து மருத்துவர்களான லிக்கின்ஸ், ஹோவி இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த சிகிச்சை இது. எத்தனையோ குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் காத்திருக்கிறது. முழுப் பலன் முதல் ஊசிக்கு 24 மணி நேரத்துக்குப் பிறகு, ஏழு நாள்களுக்குள் கிடைக்கும். ஆகவே எப்போது போடுவார்கள் என்று நாளையே கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இந்த ஊசி சர்க்கரையை ஏற்றும்.

கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் நாளை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.