கேமராவை அணைக்கக் கூடாது

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 71 வயது. கருவூலத்தில் 36 வருடம் வேலை பார்த்தவர். அம்மாவோடு நங்கநல்லூரில் இருக்கிறார். அவருடைய ஆதாரை வைத்து யாரோ தாய்வானுக்குப் போதைப்பொருள் பார்சல் அனுப்பியிருப்பதாக மும்பை போலீஸ் பெயரில் ஒரு போன். இரண்டு நாள் வீடியோ அழைப்பிலேயே உட்கார வைத்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டி 14 லட்சத்தை வாங்கிவிட்டார்கள். அடுத்த அறையில் இருந்த அம்மாவிடம் பென்ஷன் விஷயம் என்றாராம். டெபாசிட்டை உடைத்தபோது விசாரித்த வங்கி மேலாளரிடம், பேத்திக்கு மனை வாங்குவதாகப் பொய் சொல்லியிருக்கிறார். ஐந்து நாள் கழித்துத்தான் எங்களிடம் வாயைத் திறந்தார். கத்திரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர் எப்படி ஏமாந்தார்? கோபத்தில் நிறையப் பேசிவிட்டேன். புகார் கொடுத்தாகிவிட்டது. போனை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பாவுக்குக் கத்திரிக்காய் விலை தெரியும். போலீஸ் ஸ்டேஷனின் உள்பக்கம் தெரியாது. பைக் திருடி இரண்டு தடவை உள்ளே போய்வந்த பையனிடம் வாட்ஸ்அப்பில் வந்து 'உன்னைக் கைது செய்திருக்கிறோம்' என்றால் சிரிப்பான். கைது என்றால் ஆள் வந்து ஜீப்பில் ஏற்றுவார்கள் என்பது அவனுக்கு அனுபவம். டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. ஆனால் மேலிடத்துக் கடிதத்துக்குக் கெடு தவறாமல் பதில் எழுதியே பழகியவருக்கு, கோப்பு எண்ணும் முத்திரையும் 'மிக அவசரம்' என்ற சொல்லும் வந்துவிட்டால் கை தானாக வேலை செய்யும். அவர் மாட்டியது பேராசையால் அல்ல. பத்து மடங்கு லாபம் தருகிறேன் என்று வந்திருந்தால் விரட்டியிருப்பார்.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும். (அதிர்ச்சி பொய், அலறுகிறவரும் நடிகர். விசையை அழுத்துகிறவருக்கு இது தெரியாது.) கோட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று 'தொடருங்கள்' என்று சொன்னதற்கே, 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். ஒரேயடியாகப் போகவில்லை, 15 வோல்ட்டில் ஆரம்பித்துப் பதினைந்து பதினைந்தாக. உங்கள் அப்பாவிடமும் முதலில் பெயரைத்தானே கேட்டிருப்பார்கள்? அப்புறம் ஆதார், அப்புறம் எந்த வங்கி, எவ்வளவு இருப்பு. டெபாசிட்டை உடை என்று எடுத்தவுடன் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பார்.

பலர் அந்த 26-ஐச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மில்கிராம் சூழ்நிலையை மாற்றி மாற்றி நடத்திய மற்ற சோதனைகள். கோட்டுக்காரர் அறையை விட்டுப் போய் டெலிபோனில் கட்டளையிட்டபோது கீழ்ப்படிந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். சிலர் மிகக் குறைந்த அதிர்ச்சியையே கொடுத்துக்கொண்டு, ஏற்றிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். கேமராவை அணைக்கக் கூடாது என்று இந்தக் கும்பல் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது என்பது இதில் இருக்கிறது. இன்னொன்றில், கூட உட்கார்ந்திருந்த இருவர் 'எங்களால் முடியாது' என்று எழுந்தார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான். உங்கள் அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான். மில்கிராமைப் படித்துவிட்டா செய்கிறார்கள்? தொழில் சொல்லிக்கொடுத்திருக்கும்.

நானும் மாட்டியவன்தான். மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒரு குறுஞ்செய்தி. மாம்பலத்து மே மாதம், வீட்டில் விருந்தாளிகள். அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, அவன் சொன்ன செயலியை இறக்கி, பத்து ரூபாய் கட்டினேன். 18,000 போனது. பில் கட்டுவது என் மனைவி. சமையலறையில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், போன வாரமே கட்டியாச்சே என்றிருப்பாள். கேட்கவில்லை. நாலு மாதம் சொல்லவும் இல்லை.

வங்கியில் சொன்ன பொய்தான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஒருவன் மிரட்டியிருப்பான், இன்னொருவன் 'ஐயா, உங்களைப் பார்த்தால் குற்றவாளி மாதிரி தெரியவில்லை, நான் காப்பாற்றுகிறேன்' என்றிருப்பான். இரண்டு நாளில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே துணை அந்த இரண்டாமவன். அவன் சொல்லிக்கொடுத்ததை மேலாளரிடம் ஒப்பித்தார், அவ்வளவுதான்.

பணம் போன உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் பேசினால், அது வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கிவிட வாய்ப்புண்டு. அந்த நேரம் வெட்கத்திலேயே போய்விட்டது. சரி, விடுங்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று இன்னொரு கும்பல் வரும். ஏமாந்தவர்களைத் தேடியே வருவார்கள். வீட்டு லேண்ட்லைனிலும் வரலாம், வாசலுக்கே கடிதமும் வரலாம். அப்போது அவர் உங்களைக் கூப்பிட வேண்டும். திட்டுவீர்கள் என்று பயந்தால் கூப்பிடமாட்டார்.

போனைக் கொடுக்கும்போது என் 18,000 கதையையும் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.