மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சளா? – சுவிட்ச் கேள்வி பதில்

அப்பா டைப்ரைட்டர் பழுதுபார்ப்பவர். சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் அவர் கடையில் ரெமிங்டன் இயந்திரங்களின் நடுவே வளர்ந்தவன் நான். இப்போது அதே மேசையில், ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்ச் கொண்ட மெக்கானிக்கல் விசைப்பலகைகள் கிடக்கின்றன. கொஞ்ச நாளாக ஆளாளுக்குக் கேட்டுவந்த கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பதில்கள் இதோ.

கருப்பூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: அண்ணா, மூன்று வருடத்துக்கு முன் கேட்டரான் நிறுவனத்தின் மஞ்சள் சுவிட்ச் வாங்கினேன். போன மாதம் என் நண்பன் அதே மஞ்சளில் ‘புரோ’ என்று வாங்கினான். இரண்டும் ஒன்றுபோல் இல்லை. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

இல்லை தம்பி, உங்கள் விரல் சரியாகத்தான் சொல்கிறது. மஞ்சள் என்பது சுவிட்சின் நடுவில் இறங்கி ஏறும் தண்டின் நிறம். அது லீனியர், அதாவது இடையில் தடங்கல் இல்லாமல் நேராக இறங்குவது, ஐம்பது கிராமை ஒட்டி அழுத்தினால் எழுத்து விழும் என்ற அளவுக்குத்தான் அந்த நிறம் உத்தரவாதம். கூடு எந்தப் பிளாஸ்டிக், வார்ப்பு அச்சு புதியதா தேய்ந்ததா, ஆலையிலேயே மசகு தடவினார்களா என்பதெல்லாம் நிறத்தில் தெரியாது. கூடையில் மல்கோவா என்று எழுதியிருப்பதால் எல்லா மாம்பழமும் ஒரே ருசியாகவா இருக்கிறது?

உங்களுடைய பழைய மஞ்சள் மசகு இல்லாமல் வந்தது. நண்பரின் புரோ ஆலையிலேயே மசகிட்டது. உரசல் குறைந்தால் அதே சுருள்வில்லும் இலகுவாகத் தோன்றும். மேல்கூட்டின் நான்கு கொக்கிகளையும் நெம்பிக் கழற்றுங்கள். தண்டின் இரு கால்களையும் ஓரமாக ஓடும் தண்டவாளங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மசகு இருந்தால் ஈரம் பட்டதுபோல் மெல்லிய பளபளப்புத் தெரியும். இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சுவர்போல் வறண்டிருக்கும்.

எனக்கே ஒரு முறை சூடு பட்டது. புதிய பதிப்பு என்று சொல்லித் தொண்ணூறு சுவிட்சுகள் அனுப்பினார்கள். பொருத்தி முடித்த பிறகு இடது கைக்கு ஓர் ஒலி, வலது கைக்கு வேறு ஒலி. கழற்றிப் பார்த்தால் ஏறக்குறைய பாதி மசகிட்டவை, மீதி வறண்டவை. பழைய இருப்பையும் புதியதையும் ஒரே பையில் கொட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பை வந்தவுடன் மேலிருந்து ஐந்து, நடுவிலிருந்து ஐந்து, அடியிலிருந்து ஐந்து எடுத்துப் பிரித்துப் பார்க்காமல் எதையும் பொருத்துவதில்லை.

அதே மாணவர்: கனத்தை வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

பத்து ரூபாய் நாணயம் போதும். ஒன்று 7.71 கிராம். ஆறு நாணயம் 46 கிராமுக்குச் சற்று மேல், எட்டு நாணயம் 61 கிராமுக்குச் சற்று மேல். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு சுவிட்ச் 45 செண்டிநியூட்டன், கறுப்பு 60 செண்டிநியூட்டன். கிராமில் சொன்னால் கிட்டத்தட்ட 46, 61. கணக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

நோட்பேடைத் திறந்து வைத்துவிட்டு நாணயங்களை ஒவ்வொன்றாக மெதுவாக இறக்குங்கள். எத்தனையாவதில் எழுத்து விழுகிறதோ அதுதான் கனம். நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர், விசைக்கு விசை இடைவெளி 19 மில்லிமீட்டர்தான். அதனால் சுற்றியுள்ள விசைமூடிகளை முதலில் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் பாதி பாரத்தைப் பக்கத்து விசை தாங்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு சுவிட்சை மட்டும் அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே பைக்குள்ளேயே சில கிராம் முன்பின் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்: ஐயா, செர்ரி சுவிட்சுக்குள் தங்கம் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா? வெள்ளி மலிவாயிற்றே, அதைப் போட்டால் என்ன?

உண்மைதான். ஆனால் உருக்கி எடுக்கலாம் என்ற ஆசை வேண்டாம். இரண்டு தகடுகள் தொடும் முனையில் மட்டும் ஒரு துணுக்கு. வெள்ளி ஏன் இல்லை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கொலுசு கறுப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். விசைப்பலகையில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். அந்தக் கறுப்புப் படலத்தைத் துளைத்துப் போக அதற்குத் தெம்பு போதாது. தங்கம் கறுப்பதில்லை.

அஸ்தம்பட்டி வாசகர்: சோதித்துப் பார்க்க அக்ரிலிக் பலகையில் ஒன்பது சுவிட்ச் பொருத்தி விற்கிறார்களே, அது போதுமா? இல்லை, முழு விசைப்பலகையே வாங்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். 17 விசை கொண்ட எண்பலகை, அதாவது நம்பர்பேட், பற்றவைக்காமலே சுவிட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் வசதியுடன் ஒன்று வாங்குங்கள்.

அக்ரிலிக் பலகையை நான் குறை சொல்லக் காரணம் உண்டு. அதில் சுவிட்சின் பின்கள் எந்தச் சர்க்யூட்டிலும் இல்லை. எழுத்து எந்த ஆழத்தில் விழுகிறது என்று தெரியவே தெரியாது. சுவிட்சைத் தாங்கும் தட்டு, மின்பலகை, பஞ்சு, உறை எதுவும் இல்லாததால் ஒலியும் பொய். கடையில் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் அழுத்தினால் எந்த சுவிட்சும் நன்றாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் தொடர்ந்து தட்டச்சு செய்தால்தான் சாயம் வெளுக்கும். பாதி வழியில் ஒரு தடங்கல் உணரும் டாக்டைலா, அது இல்லாத லீனியரா என்ற அடிப்படை வித்தியாசம் தெரியாதவருக்கு மட்டும் அது உதவும். ஒரே சுவிட்சின் இரு பதிப்புகளை ஒப்பிட உதவாது.

எண்பலகையில் நான் செய்வது இது. 7, 4, 1 என்ற இடது வரிசையில் பழைய பதிப்பு. 9, 6, 3 என்ற வலது வரிசையில் புதியது. நடு வரிசையில் புதியதையே நான் கையால் மசகிட்டு வைப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே வகை விசைமூடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் யாரையாவது பலகையைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, எது எது என்று சொல்ல முயல்வேன். பலமுறை தோற்றிருக்கிறேன். கண்ணை மூடினால் வித்தியாசம் தெரியவில்லை என்றால் புதிய பதிப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவதாக, மலிவான சில பலகைகளின் துளை அவுட்டெமு நிறுவன சுவிட்சுக்கு மட்டுமே ஏற்றது. அவுட்டெமுவின் பின்கள் மற்றவற்றைவிட மெலிந்தவை; அந்தத் துளையில் மற்றவற்றைத் திணித்தால் பின் வளையும், துளையும் கெடும். இரண்டாவது, உங்கள் பெரிய விசைப்பலகையின் தட்டு அலுமினியம் என்றால் சோதனைப் பலகையின் தட்டும் அலுமினியமாக இருக்கட்டும். பாலிகார்பனேட் தட்டில் கேட்ட ஒலி அலுமினியத்தில் வராது. மூன்றாவது, காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட் பலகையைத் தவறுதலாக வாங்கிவிடாதீர்கள். சாதாரண சுவிட்ச் அதில் வேலை செய்யாது.

சூரமங்கலம்: ஐந்து கால் சுவிட்ச், பலகையில் மூன்று துளை. என்ன செய்வது?

ஓரத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் வெட்டிவிடுங்கள். உலோகக் கால்களைத் தொடாதீர்கள்.

நான்கு ரோடு, டி.டி.பி. மையம் நடத்தும் அம்மா: தமிழ்99 விசை அமைப்பில் நாள் முழுக்க அடிக்கிறேன். நீல சுவிட்ச். இடது ஆள்காட்டி விரல் மாலையில் வலிக்கிறது. மற்ற விரல்களுக்கு ஒன்றுமில்லை. சுவிட்சை மாற்றலாமா?

அம்மா, மற்றவர்களுக்குச் சொல்லும் பதிலை உங்களுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் ஆங்கிலத்தில் அடிப்பவர்கள். தமிழ்99-இல் புள்ளி இருப்பது ஆங்கில ‘எஃப்’ விசையில், உங்கள் இடது ஆள்காட்டி விரலின் அடியில். ‘அவர்கள்’ என்று அடித்துப் பாருங்கள். அ, வ, ர, புள்ளி, க, ள, புள்ளி. ஏழு தட்டில் இரண்டு அந்த ஒரே விசைக்கு. க்க, ந்த போன்ற இடங்களில் புள்ளி தானாக விழுந்துவிடுவது ஆறுதல். ஆனால் ர், ல், ள், ம் என்று முடியும் சொற்களுக்கு நம் மொழியில் பஞ்சமா?

விசைப்பலகை முழுவதையும் மாற்ற வேண்டாம். உங்களுடையது ஹாட்ஸ்வாப் என்றால் அந்த ஒரு விசைக்கு மட்டும் 45 செண்டிநியூட்டன் லீனியர் போடுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ‘கிளிக்’ என்று சத்தம் போடும் நீலத்தில் அந்தக் கிளிக்கைத் தாண்டுவதற்கே ஏறக்குறைய 60 வேண்டும். ஒரு விசை மட்டும் சத்தம் போடாதது முதல் இரண்டு நாள் பல் விழுந்த இடம்போல் உறுத்தும், பிறகு பழகிவிடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்றவரா? அந்தக் கை நாடாவில் எழுத்து பதிய வேண்டும் என்று ஓங்கி அடிக்கும். இங்கே மொத்தம் 4 மில்லிமீட்டர் ஆழத்தில் பாதி இறங்கினாலே எழுத்து விழுந்துவிடும். மீதிப் பாதியும் இறங்கி அடியில் மோதுவது விரலுக்குத் தண்டனைதான். அதற்குப் பிறகும் வலி தொடர்ந்தால் சுவிட்சை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்காடு, காப்பித் தோட்ட அலுவலகம்: பனிக்காலத்தில் காலையில் கணக்கு எழுத உட்கார்ந்தால் சில விசைகள் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து அடிக்கின்றன. மதியம் சரியாகிவிடுகிறது. எந்தப் பதிப்பு வாங்கினால் இது வராது?

முதலில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். இரட்டிப்பாக அடிக்கும் சுவிட்சைப் பிடுங்கி, நன்றாக உள்ள ஒன்றோடு இடம் மாற்றுங்கள். கோளாறு சுவிட்சோடு கூடவே போனால் சுவிட்ச்தான் காரணம். பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட் அல்லது பற்றவைப்பு.

மதியம் சரியாகிறது என்பதால் ஈரம் என்றுதான் சந்தேகிக்கிறேன். மூடுபனி இறங்கிய இரவில் ஜன்னல் திறந்திருந்தால் தகட்டு முனையிலும் ஈரம் கோத்துக்கொள்ளும். கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வகையில் தொடும் பகுதி தனிப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது, தூசியும் தண்ணீரும் தாங்கும் ஐபி56 தரம் சொல்கிறார்கள். உங்கள் ஊருக்கு அதையே சொல்வேன். ஆனால் யாரிடமாவது பழைய பாக்ஸ் சுவிட்ச் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். ஆரம்பத்தில் வந்தவற்றின் சிலுவைத்தண்டு இம்மியளவு தடித்திருந்து விசைமூடிகளை விரியச்செய்தது, சில பிளந்தும் போயின. 2018-இல் அந்தக் குறை வெளியே வந்ததும் அச்சைத் திருத்தினார்கள். புதிய பதிப்பைத் தேடி வாங்குவதில் பொருள் இருப்பது இதுபோன்ற இடத்தில்தான்.

அதுவரை இரவில் விசைப்பலகையை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துருநீக்கும் எண்ணெயைத் தெளிக்க வேண்டாம்.

குகை: கேட்டரான் இங்க் சுவிட்சின் முதல் பதிப்பு பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

மேல்கூடும் கீழ்க்கூடும் தளர்ந்து ஆடும். இடையில் ஃபிலிம் எனப்படும் மெல்லிய தாளை வைத்தால் அடங்கும். எழுபது எண்பது சுவிட்சைப் பிரித்து, தாள் வைத்து, மூடப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டாம் பதிப்பு. அதில் கூட்டை இறுக்கிவிட்டார்கள்.

அம்மாப்பேட்டை: வங்கி ஒன்று கழித்துப் போட்ட பழைய செர்ரி கறுப்பு விசைப்பலகை பழைய சாமான் கடையில் கிடைத்தது. 2023-இல் செர்ரி கொண்டுவந்த எம்எக்ஸ்2ஏ சுவிட்சைவிட இது உயர்ந்தது என்கிறார்களே?

சொல்பவர்கள் வெறும் ஏக்கத்தில் சொல்லவில்லை. பல வருடம் அடித்து அடித்துத் தண்டும் தண்டவாளமும் ஒன்றுக்கொன்று இழைந்து, ஆட்டுக்கல் குழவிபோல் வழுவழுப்பாகியிருக்கும். ஆனால் கோடவுனில் சும்மா கிடந்த விசைப்பலகைக்கு அந்த வழுவழுப்பு இல்லை, தூசிதான் உண்டு. ‘ஏ’ விசையையும் யாரும் தொடாத ‘ஸ்க்ரோல் லாக்’ விசையையும் மாறி மாறி மெதுவாக அழுத்துங்கள். இரண்டும் ஒன்றுபோல் கரகரத்தால் விட்டுவிடுங்கள்.

எம்எக்ஸ்2ஏ ஆலையிலேயே மசகிட்டு, பீப்பாய் வடிவச் சுருள்வில்லோடு வருகிறது. கையில் எடுத்தவுடன் நன்றாக இருக்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அதைச் சுத்தம் செய்ய உங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும்.

கொண்டலாம்பட்டி: இரவில் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.

விசைத்தறி ஓடும் தெருவில் இருந்துகொண்டா? சைலன்ட் லீனியர் வாங்குங்கள். தண்டில் ரப்பர் மெத்தை இருக்கும். அடித்தட்டில் மோதும் உணர்வு சற்றுச் சேற்றில் கால் வைத்ததுபோல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் கருப்பூர் மாணவர்: அண்ணா, உங்கள் எண்பலகையை ஒரு வாரம் இரவல் தருவீர்களா?

தருகிறேன் தம்பி, சனிக்கிழமை மாலை கடைக்கு வாருங்கள். இடது வரிசையில் இருப்பவற்றை மட்டும் பிடுங்க வேண்டாம், அவை இனிக் கிடைக்காதவை. நாணயங்களை நீங்களே கொண்டுவாருங்கள். என்னிடம் இருந்த எட்டில் இரண்டை நேற்று டீக்கடையில் கொடுத்துவிட்டேன்.