ஸ்லோ குக்கரில் ஊர்ச்சமையல்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஸ்லோ குக்கர் என்றால் மெல்லிய சூட்டில் பல மணித்தியாலம் விட்டு அவிக்கும் மின்சாரப் பானை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். அளவுகள் எல்லாம் மூன்றரை லீற்றர் பானைக்கு உரியவை. நாலைந்து பேருக்குக் காணும். பானையில் பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்படாமலும் சாமான் இருக்கவேண்டும். குறைந்தால் அடிப்பிடிக்கும், கூடினால் நடுவில் வேகாது.

ஆட்டிறைச்சி பஞ்சு மாதிரி அவியுது. ஆனால் குழம்பு தண்ணியாக் கிடக்குது, பச்சைத்தூள் மணமும் போகுதில்லை. அடுப்பில வைக்கிற ருசி ஏன் வருகுதில்லை? (கிளிநொச்சி)

எங்களுக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். இரண்டு குறைக்கும் காரணம் வேறு வேறு.

ஸ்லோ குக்கரின் உள்ளே சூடு 100 பாகையைத் தாண்டாது. ‘லோ’, ‘ஹை’ இரண்டும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் போய் நிற்கும். அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரத்தில்தான் வித்தியாசம். வெங்காயம் சிவக்கவும் இறைச்சியில் வறுத்த வாசம் ஏறவும் ஏறக்குறைய 140 பாகை வேண்டும். அது தாச்சியில் மட்டுமே கிடைக்கும். எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடினால் எட்டு மணித்தியாலம் கழித்தும் அவித்த இறைச்சியும் அவித்த தூளும்தான் இருக்கும்.

ஒரு கிலோ எலும்போடு கூடிய தோள் அல்லது கால் இறைச்சிக்கு இப்படிச் செய்யுங்கள். தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகம், ஒரு துண்டு கறுவா, ரம்பை, கறிவேப்பிலை போட்டு, 200 கிராம் சின்ன வெங்காயத்தை ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி இஞ்சி உள்ளி விழுது சேர்த்துப் பச்சை மணம் போனதும் பானைக்குள் வழித்துப் போடுங்கள். அதே தாச்சியில் இறைச்சியை இரண்டு தரமாகப் பிரட்டி எடுங்கள். ஒரே தரத்தில் கொட்டினால் இறைச்சி தண்ணி விட்டு அவியத் தொடங்கிவிடும், சிவக்காது. கடைசித் தரம் சிவந்ததும் அடுப்பைக் குறைத்து மூன்று மேசைக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூளைத் தூவி அரை நிமிடம் மட்டும் பிரட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் தூள் கருகிக் கசக்கும். உடனே 150 மில்லிலீற்றர் சுடுதண்ணி விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, எல்லாவற்றையும் பானைக்குள் ஊற்றுங்கள். அந்தச் சுரண்டலில்தான் பாதி ருசி.

அடுப்பில் வைக்கும் கறிக்கு நீங்கள் விடும் தண்ணியில் பாதி இங்கே மிச்சம். மூடியில் படும் ஆவி திரும்பப் பானைக்குள்ளேயே சொட்டுகிறது. இறைச்சியும் தன் பங்குக்குத் தண்ணி விடும். 150 மில்லிலீற்றர் போதாது போலத் தெரியும். நம்பி மூடுங்கள்.

உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. ‘லோ’வில் 8 மணித்தியாலம், ‘ஹை’யில் 4 முதல் 5. அதன் பிறகும் தண்ணியாக இருந்தால் குழம்பை மட்டும் தாச்சியில் ஊற்றிப் பெரிய நெருப்பில் பத்து நிமிடம் வற்ற வையுங்கள். மூடியைத் திறந்து பானையிலேயே வற்றவைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஒரு மணித்தியாலம் போகும், வற்றுவதும் கொஞ்சம்தான். இறக்கும் நேரம் அரைத் தேக்கரண்டி இறைச்சிச் சரக்குத்தூளும் சில துளி தேசிக்காய்ப் புளியும்.

தேங்காய்ப்பால் ஒவ்வொரு முறையும் திரியுது. (மாங்குளம்)

முதற்பாலைத் தொடக்கத்திலேயே விடுகிறீர்கள் போல. நெடுநேரச் சூட்டில் பாலில் உள்ள புரதம் இறுகி, எண்ணெய் தனியே பிரியும். புளி சேர்ந்தால் இன்னும் கெதியாகப் பிரியும். தொடக்கத்தில் கப்பிப்பால் அல்லது இரண்டாம் பால். முதற்பால் கடைசி 20 நிமிடத்தில். விடும்முன் ஒரு அகப்பை சூடான குழம்பைப் பாலில் கலந்துகொள்ளுங்கள். பால் விடும் கறிக்குப் பழப்புளியோ தேசிக்காயோ எல்லாவற்றுக்கும் கடைசி.

ஊர்க்கோழிக்கும் பிறொயிலருக்கும் ஒரே நேரமோ? (முள்ளியவளை)

இல்லை. முற்றின ஊர்ச்சேவலுக்கு ‘லோ’வில் 6 முதல் 7 மணித்தியாலம், ஓடித்திரிந்த காலில் இணைப்புத்திசு கூட, அது கரைந்து பசையாகி குழம்புக்குள் இறங்க நேரம் வேண்டும். பிறொயிலர் ‘லோ’வில் 3 முதல் 4 மணித்தியாலத்தில் முடிந்துவிடும், அதற்கு மேல் விட்டால் நெஞ்சிறைச்சி நார்நாராகி வாயில் வைக்கோல் போல இருக்கும். தோலையும் எடுத்துவிடுங்கள், இந்தச் சூட்டில் அது மொறுகாது, வழவழக்கும். காசு கூடினாலும் இந்தப் பானைக்கு ஊர்க்கோழிதான் தோது.

சிறுபோகத்துக் கௌபி. இரவு முழுக்கக் குக்கரில கிடந்தும் கல்லு மாதிரி. விதை பழுதோ, குக்கர் பழுதோ? (ஒட்டுசுட்டான்)

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முதலில் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் உங்கள் கிணற்றுத்தண்ணி வன்தண்ணி. அதிலுள்ள கல்சியம் விதைத்தோலை இறுக்கிவிடும். இரண்டாவது, புளியோ தக்காளியோ முதலே போட்டிருந்தாலும் விதை இளகாது. மூன்றாவது, ஒரு வருடத்துக்கு மேல் சாக்கில் கிடந்த கௌபி எவ்வளவு அவித்தாலும் ஓரளவுக்கு மேல் மெத்தென்று வராது.

250 கிராம் கௌபியை ஒரு லீற்றர் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி உப்புடன் 8 மணித்தியாலம் ஊறவிடுங்கள். அந்தத் தண்ணியை ஊற்றிக் கழுவி, மழைத்தண்ணி அல்லது கடையில் வாங்கும் வடிகட்டிய தண்ணியில் பத்து நிமிடம் அடுப்பில் கொதிக்க வையுங்கள். பிறகு அளவாக 700 மில்லிலீற்றர் சுடுதண்ணியுடன் பானைக்கு மாற்றி, ‘ஹை’யில் 3 மணித்தியாலம். வன்தண்ணி தவிர வேறு வழியில்லை என்றால் கால் தேக்கரண்டி அப்பச்சோடா. அதற்கு மேல் போட்டால் சவர்க்கார ருசி வரும், விதையும் கூழாகும். விரலில் நசுங்கியபின்தான் தக்காளி, புளி.

கொண்டல் கடலைக்கும் இதே முறை, நேரம் மட்டும் ஒரு மணித்தியாலம் கூட. ஆனால் சிவப்பு ராஜ்மாவை ஊறப்போட்டு நேரே ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதிலுள்ள இயற்கை நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். குக்கரின் மெல்லிய சூட்டில் அழியாமல் நிற்பதோடு, 80 பாகையளவில் மட்டும் சூடான விதை பச்சை விதையைவிடக் கூடக் கெடுதல் செய்யும். சாப்பிட்டுச் சில மணித்தியாலத்தில் கடும் வாந்தி, வயிற்றோட்டம். ஐந்து மணித்தியாலமாவது ஊறவிட்டு, தண்ணியை மாற்றி, அடுப்பில் அரை மணித்தியாலம் குமிழ் விட்டுக் கொதித்தபின்தான் பானைக்குள் போகலாம்.

வேலைக்குப் போற நேரம் போட்டுவிட்டுப் போறன். கரண்ட் நின்றால் கறியை என்ன செய்யிறது? பில்லும் எகிறுமோ? (மல்லாவி, ஆசிரியை)

வீட்டில் இருக்கும்போது நின்றால் பிரச்சினையில்லை, உடனே காஸ் அடுப்புக்கு மாற்றி முடித்துவிடுங்கள். வேகி முடிந்த கறி மூடியோடு இரண்டு மணித்தியாலம் தாங்கும். நீங்கள் இல்லாத நேரம், பாதி வெந்த நிலையில், எவ்வளவு நேரம் நின்றது என்றே தெரியாவிட்டால் கறியைக் கொட்டுங்கள். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிடக்கும் இறைச்சியில் கிருமி பெருகும். அவற்றில் சில விடும் நச்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது.

குமிழ் திருகும் குக்கர் கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும், இடையில் நின்றது உங்களுக்குத் தெரியவே வராது. பொத்தான் அமத்தும் டிஜிட்டல் குக்கர்களில் பல கரண்ட் திரும்பினாலும் ஓடாமல் அப்படியே நிற்கும். முதல் வகை என்றால் பக்கத்துப் பிளக்கில் பற்றரி இல்லாத மின்சார எண் மணிக்கூடு ஒன்றைப் போட்டு வையுங்கள். வீட்டுக்கு வரும்போது அது பூச்சியத்தில் மினுங்கினால் இடையில் கரண்ட் போயிருக்கிறது. ஓடத் தொடங்கியது எப்போது என்றும் அதிலேயே தெரியும்.

பில் பெரிதாக எகிறாது. 200 வாற்று குக்கர் 8 மணித்தியாலத்துக்கு ஆகக் கூடியது 1.6 அலகு.

கனடாவில இருந்து அக்கா ஒன்று அனுப்பினவ. பிளக்கை மாற்றிப் போட்டால் காணுமோ? (புதுக்குடியிருப்பு)

போடவேண்டாம்! அங்கே 120 வோல்ற்று, இங்கே 230. சூடாக்கும் கம்பியில் அழுத்தம் ஏறக்குறைய இரட்டித்தால் வலு மூன்றரை மடங்குக்கு மேல் போகும்: 240 வாற்றுக் கம்பி 880 வாற்று அளவுக்கு எரிந்து கருகும், பானையும் வெடிக்கலாம். 230ஐ 120 ஆக இறக்கும், 500 வாற்றுக்குக் குறையாத ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதை வாங்கும் காசுக்கு இங்கேயே ஒரு புதுக் குக்கர் பார்க்கலாம் என்பதுதான் எங்கள் எண்ணம். லண்டனில் இருந்து வந்தது என்றால் பயமில்லை, வோல்ற்று ஒன்றுதான்.

மரவள்ளிக்கிழங்கு? (செட்டிகுளம்)

தேவையேயில்லை. அதன் சயனைட்டுச் சேர்மம் போகத் தோல் உரித்து, வெட்டிக் கழுவி, நிறையத் தண்ணியில் மூடாமல் அவித்து, தண்ணியை வடித்து ஊற்றவேண்டும். மூடிய பானைக்குள் இதில் ஒன்றும் நடக்காது.

இரணைமடு விரால் குழம்பும் ஒடியல் கூழும் வருமோ? (பரந்தன்)

விரால் வரும், ஆனால் மீன் கடைசியில். வதக்கிய வெங்காயம், வெந்தயம், தூள், பழப்புளிக் கரைசலை ‘ஹை’யில் இரண்டு மணித்தியாலம் விட்டு, குழம்பு விளிம்பில் குமிழ் விடும்போது துண்டுகளை ஒரே அடுக்காக வையுங்கள். 35 முதல் 45 நிமிடம். கிண்டாதீர்கள், கரைந்துவிடும். உண்மையில் மீனுக்கு மண்சட்டியே மேல்.

கூழ் நன்றாகவே வரும். பலாக்கொட்டை, மரவள்ளி (அவித்து வடித்தது), பயற்றங்காய், ஒரு பிடி அரிசி, இரண்டு லீற்றர் தண்ணி: ‘ஹை’யில் 3 மணித்தியாலம். நண்டு, இறால், மீன் அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம். 150 கிராம் ஒடியல் மாவை முன்கூட்டியே தண்ணியில் கரைத்து ஊறவிட்டு, தெளிந்த தண்ணியை இரண்டு மூன்று தரம் ஊற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காறல் கசப்பு நிற்கும். மாவையும் செத்தல்மிளகாய் விழுதையும் பழப்புளியையும் கடைசியில் விட்டு, இருபது நிமிடம் அடிக்கடி துழாவுங்கள். கட்டி விழுவது மூடியை மூடிவிட்டுப் போகிறவர்களுக்குத்தான். துழாவும் இந்தக் கட்டம் தவிர மற்ற நேரம் மூடியைத் தொடவேண்டாம், ஒவ்வொரு தரம் திறப்பதும் 20 நிமிடச் சூட்டைக் கொண்டுபோகும்.

இரவே வெட்டிப் பானையோட பிரிட்ஜில வைக்கலாமோ? (நெடுங்கேணி)

பானையோடு வேண்டாம். குளிர்ந்த பீங்கான் திடீரென்று சூடானால் வெடிக்கும், உள்ளே சூடேறவும் கூட நேரம் எடுக்கும். இறைச்சி வேறு, மரக்கறி வேறு கிண்ணங்களில் வையுங்கள். உறைந்த இறைச்சியை முழுதாக இளகவிடாமல் போடாதீர்கள்.

ரைஸ் குக்கரின் ‘வாம்’இல் இறைச்சியை இரவு முழுக்க வைத்தால் அதே வேலைதானே? (வவுனியா)

அல்ல. ‘வாம்’ வெந்த சோற்றைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. பச்சை இறைச்சியைப் பாதுகாப்பான சூட்டுக்கு வேளைக்கு ஏற்றாது. ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள் கனமான மூடிச்சட்டியில் அதே வதக்கல் முறையைச் செய்து, தண்ணியை மட்டும் 400 மில்லிலீற்றர் ஆக்கி, விறகடுப்பின் தணலிலோ காஸின் ஆகச் சின்ன நெருப்பிலோ இரண்டரை மணித்தியாலம் விடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அடியைப் பாருங்கள்.