நூறு வெள்ளி வெட்டு

அன்புள்ள ஐயா,
தேர்தலுக்கு முன் வீடு வீடாக வந்த வேட்பாளரிடம் காஸாவைப் பற்றிக் கேட்டேன். வெளியுறவு விவகாரங்களில் குடியிருப்பாளர்களோடு தொடர்ந்து பேசுவேன், நாடாளுமன்றத்திலும் எழுப்புவேன் என்றார். ஜெயித்துவிட்டார். இப்போது அவருடைய ஃபேஸ்புக்கில் சந்தை உலாவும் பிறந்தநாள் கேக்கும்தான். வாக்குறுதிகளுக்காக ஓர் எக்ஸெல் வைத்திருக்கிறேன். 'தவறினார்' என்று போடலாமா?
ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,
எக்ஸெல் வைத்திருப்பதற்கே உன்னைக் கும்பிடலாம். ஆனால் ஃபேஸ்புக்கைப் பார்த்தா மதிப்பெண் போடுவது? நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார், எல்லாம் வரிக்கு வரி இருக்கிறது. அதைத் திறக்கச் சோம்பல், தீர்ப்பெழுத மட்டும் அவசரம். நம் முதல் வெளியுறவு அமைச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பதிவைப் புரட்ட ஆளில்லை.

காஸா பற்றி உன் கருத்தையே அவர் சொல்லவேண்டும் என்றால், அது ஆகாத காரியம். உறுப்பினர்கள் கட்சி முடிவை மீறாமல் பார்த்துக்கொள்ளக் கட்சிக் கொறடா என்று ஒருவர் இருக்கிறார். விடு.

நான் கொஞ்ச நாளாக யோசிப்பது அந்த நூறு வெள்ளியைப் பற்றி. வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு அமைச்சு அமைச்சாக விவாதிப்பார்கள் இல்லையா? வெளியுறவு அமைச்சின் முறை வரும்போது, அதன் ஒதுக்கீட்டில் நூறு வெள்ளியைக் குறைக்கவேண்டும் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிவார். 'கட்' என்பார்கள். நூறு வெள்ளியை மிச்சம் பிடிக்க யாரும் வரவில்லை. அந்தச் சாக்கில் பேசச் சில நிமிடங்கள் கிடைக்கும், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், கடைசியில் வெட்டை மீட்டுக்கொள்வார்கள். உன் ஆள் அந்த நூறு வெள்ளியைக் கேட்டாரா? கேட்டார் என்றால் எதற்கு, ஆசியானுக்கா, மலேசியாவிடம் வாங்கும் ஜோகூர்த் தண்ணீருக்கா, காஸாவுக்கா? பதில் மழுப்பலாக வந்தபோது விளக்கம் கேட்க மறுபடி எழுந்தாரா, நன்றி சொல்லி உட்கார்ந்தாரா? உன் எக்ஸெல்லில் இதற்குக் கட்டம் இருக்கிறதா?

இந்தியாவோடு 2005இல் கையெழுத்தான சீக்கா என்ற பொருளாதார ஒப்பந்தம், இந்தியர்களை இங்கே வேலைக்குக் கொண்டுவந்து குவிக்கிறது என்று 2021இல் ஊரெல்லாம் பேச்சானது. அந்தச் சமயம் மின்தூக்கியில் ஒருவர் என் மனைவியின் புடவையைப் பார்த்துவிட்டு, எப்போது இந்த ஊருக்கு வந்தீர்கள் என்று கேட்டார். அவள் பிறந்தது இதே ஊரில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அவளுடைய தாத்தா இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பதில் சொல்லாமல் எங்கள் மாடியில் இறங்கிவிட்டாள். வீட்டுக்குள் வந்ததும், "நான் ஏன் அவனிடம் சொல்லணும்?" என்றாள், அவ்வளவுதான். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அதுபற்றி நீண்ட விவாதம் நடந்தது. பதிவு முழுவதும் எங்கள் தொகுதிக்காரரின் பெயரைத் தேடினேன். வாயே திறக்கவில்லை. தொகுதிவாசிகளின் குறைகளை அவர் நேரில் கேட்கும் மக்கள் சந்திப்புக்குப் போய்க் கேட்டால், "கார் நிறுத்திய அபராதமா, அண்ணே?" என்கிறார்.

ஆகவே 'தவறினார்' இப்போதைக்கு வேண்டாம். முதலில் பதிவைப் படி. அப்புறம் மக்கள் சந்திப்பில் எண் எடுத்து உட்கார். வாசலுக்கு வந்தவரிடம் கேட்கத் தெரிந்தவளுக்கு அங்கே கேட்க என்ன தயக்கம்? அபராதக் கடிதம் ஏதாவது இருந்தால் மட்டும் அன்றைக்கு எடுத்துப் போகாதே.