தினமும் நடந்தால் மனச்சோர்வு குறையுமா?

டாக்டர் மாத்திரையோடு நடைப்பயிற்சியும் சொல்லியிருக்கிறார், நடந்தால் மனசு சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலருக்கு நன்றாகவே குறைகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைத் தொட்ட, தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, இன்னொன்றுக்கு வாரம் மூன்று நாள் வேக நடையோ மெல்லோட்டமோ, மூன்றாவதற்கு இரண்டும். மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது. ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். எனக்கு நம்பிக்கை தந்த ஆய்வு இது.

நடந்தால் மனசு தேறுவதற்கு, அப்போது உடலில் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருள் மட்டும் காரணமல்ல. தூக்கம் சீராவதும் பெரிய உதவி.

சரி, கஷ்டம் எங்கே என்றால், அந்தச் சோர்வே எழவிடாது. போர்வையை விலக்கக்கூட முடியாதவரிடம் 'போய் ஓடு' என்பது கொடுமை. அன்றைக்கு வாசலில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை பால் பூத் வரை போய்த் திரும்பினால் போதும். அப்புறம் மெல்லக் கூட்டலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் உடனே 14416-ஐ அழையுங்கள். டெலி மனஸ் உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.